யாரும் எடுத்துவைக்காத தும்பை



தும்பையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று அழைப்பிதழைப் பார்த்தவர்கள் நினைத்திருக்கலாம். தமிழ் படித்தவர்கள் தும்பைத் திணையை எதிர்பார்த்திருப்பார்கள். சித்த மருத்துவம் அறிந்தவர்கள் தும்பைச் சாற்றை எதிர்பார்த்திருப்பார்கள். இரண்டையும் என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பதால் அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தது காய்ந்த தும்பையை. இரும்பு அலமாரிக்குள், அந்துருண்டை வாசத்தில், தடித்த தாளில் ஒட்டப்பட்டு, வலது கீழ் மூலையில் ஒரு லேபிளோடு படுத்திருக்கிற தும்பையை. ஹெர்பேரியத்துத் தும்பை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தண்டை விரலுக்கிடையில் உருட்டினால் நான்கு முனை தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக அமைந்து, அடுத்த கணுவில் திசை மாறி நிற்கும். பூவின் மேலுதடு சின்னது, வெள்ளை மயிர் அடர்ந்தது. கீழுதடு அகன்று தொங்கும். பூ உதிர்ந்த பிறகு புல்லிவட்டத்துக்குள் எட்டிப் பார்த்தால் நான்கு சின்னஞ்சிறு கொட்டைகள். இவ்வளவும் சேர்ந்தால் அது லேமியேசி குடும்பம். என் தலைமுறை அதை லேபியேட்டே என்று படித்தது. துளசி, புதினா, கற்பூரவள்ளி, திருநீற்றுப்பச்சிலை, பேய்மிரட்டி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான். உலகம் முழுவதும் ஏறக்குறைய 7,000 இனங்கள் உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கிக்கொண்டே போகும்போது தும்பையையும் துழாயையும் அடுத்தடுத்து வைக்கிறார். மோனை இழுத்த இழுப்பாகவே இருக்கட்டும். வகைப்பாட்டியல் படித்தவனுக்கு அந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும் வழக்கம் இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டில் லூக்கா கினி என்ற பேராசிரியரிடமிருந்து பரவியது. முறையில் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, பிரெஸ்ஸில் கட்டி, தாளை மாற்றி மாற்றி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பூச்சி அரிக்காமல் இருக்க பாதரசக் கலவையில் நனைத்து, சுமார் 42 சென்டிமீட்டர் நீளமும் 28 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தாளில் ஒட்டுவோம். பழைய தாள்களில் 'விஷம்' என்று ஆங்கிலத்தில் முத்திரை குத்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ரசம் பூச்சியோடு நிற்காது, கையாளுகிற மனிதரையும் தொடும். அதனால் இப்போது பல இடங்களில் அதைக் கைவிட்டு, செடியை உறையவைத்துப் பூச்சியைக் கொல்கிறார்கள்.

தும்பையை உலர்த்துவது எளிது. அழகாக உலர்த்துவது கடினம். பூவிதழ் புல்லிவட்டத்தோடு ஒட்டி நிற்பதே ஒப்புக்குத்தான். பறிக்கும்போது பாதி உதிரும், பிரெஸ்ஸில் மீதி உதிரும். தாளில் மிஞ்சுவது பெரும்பாலும் கொத்துக்கொத்தான புல்லிவட்டங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு பூக்களும் சில மாதங்களில் பழுப்பேறிவிடும். வேட்டியின் வெளுப்புக்கு நாம் எந்தப் பூவை அளவுகோலாக வைத்திருக்கிறோமோ அந்தப் பூவுக்கு ஹெர்பேரியத்தில் வெள்ளை நிறமே கிடையாது. லேபிளில் 'பூ வெள்ளை' என்று யாராவது எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. ஒரு தாளின் உயிர் செடியில் பாதி, லேபிளில் பாதி என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்வார்கள். தும்பையைப் பொறுத்தவரை லேபிளின் பங்கு பாதிக்கும் மேல்.

இந்தச் செடிக்கு அறிவியல் பெயர் கிடைத்த கதை நம் கடற்கரையைத் தொட்டுச் செல்கிறது. சோழமண்டலக் கடற்கரைச் செடிகள் தாளில் ஏறி ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், 1690களில் கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் செடிகளைத் திரட்டி, உலர்த்தி, லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக்காரர் அவற்றைப் பற்றி ராயல் சொசைட்டியின் ஏட்டில் தொடராக எழுதினார். அந்தக் கட்டுரைகளில் செடிகளுக்கு 'மலபார்' பெயர்கள் என்று கொடுக்கப்பட்டிருப்பவை தமிழ்ப் பெயர்கள். எந்த நோய்க்கு எதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்ற செய்தியும் உண்டு. சொன்னவர் யார், எந்த ஊர், ஆணா பெண்ணா என்பது மட்டும் இல்லை. பெட்டிவரின் தாள்கள் பிறகு ஹான்ஸ் ஸ்லோன் கைக்குப் போயின. அவருடைய 265 தொகுதிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நம் ஊர்ச் செடிகள் சில, ஜார்ஜ் டவுன் உருவாகிக்கொண்டிருந்த காலத்து மண்ணோடு அங்கே இருக்கின்றன.

அடுத்த நூறாண்டில் காட்சி தரங்கம்பாடிக்கு மாறுகிறது. டேனியர் ஆட்சியிலிருந்த அந்தச் சின்னத் துறைமுகத்தில் 1768இல் வந்திறங்கிய மருத்துவர் கோனிக், லின்னேயஸிடம் நேரில் பயின்றவர். அவர் மூட்டிவிட்ட ஆர்வத்தில் மிஷனரிகள் பலர் செடி சேகரிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் யோகான் பேட்டர் ராட்லர் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். 1776இல் வந்தார், 1836இல் சென்னையில் இறந்தார். அறுபது ஆண்டு இந்த மண்ணில். தமிழறிஞர்களுக்கு அவர் அகராதிக்காரர். அவருடைய தமிழ் ஆங்கில அகராதி 1834இலிருந்து வெளிவந்தது. தாவரவியலாருக்கு அவர் ஆயிரக்கணக்கான தாள்களின் சொந்தக்காரர். 1799 செப்டம்பரில் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்டு, வழியெல்லாம் கண்ட செடிகளைக் குறித்துக்கொண்டே போய், 1800 ஜனவரியில் திரும்பினார். பயணம் முழுக்க மழைக்காலத்தில்! அந்தக் குறிப்புகளை பெர்லினில் கார்ல் வில்டெனோவ் 1803இல் வெளியிட்டார். நம் காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் அருட்தந்தை கே.எம். மேத்யூ அதை ஆங்கிலமாக்கி 1993இல் அச்சிட்டார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போகும் தாவரவியல் மாணவர் யாராக இருந்தாலும் அதை ஒருமுறை படித்துவிட்டுப் போக வேண்டும்.

வில்டெனோவ் பெர்லின் அரச தாவரத் தோட்டத்தின் தலைவர். தரங்கம்பாடி மிஷனரிகளிடமிருந்து அவருக்குத் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. 1809இல் அவர் வெளியிட்ட தோட்டத்துச் செடிப் பட்டியலில்தான் நம் தும்பை 'ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா' என்ற பெயரோடு முதலில் பதிவாகிறது. மறு ஆண்டே ராபர்ட் பிரவுன், ஆஸ்திரேலியச் செடிகளைப் பற்றிய நூலில், 'லூகாஸ்' என்ற பேரினத்தைப் பிரித்தெடுத்தார். வில்டெனோவுக்குப் பின் பெர்லின் தோட்டத்துக்கு வந்த லிங்க் 1822இல் தும்பையை அந்தப் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அன்றிலிருந்து தும்பை லூகாஸ் ஆஸ்பெரா. ஆஸ்பெரா என்றால் சொரசொரப்பானது. இலையைத் தடவிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

பெர்லின் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1943 மார்ச் 1ஆம் தேதி இரவு விழுந்த குண்டுகளில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்தது. அங்கே இருந்த சுமார் 40 லட்சம் தாள்களில் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பல். வில்டெனோவின் சொந்தத் தொகுப்பு, 38,000க்கும் குறையாத தாள்கள், தனியாக வைக்கப்பட்டிருந்ததால் பிழைத்தது. பெயர் பெற்ற அறிஞரின் தொகுப்பைத் தனியே பாதுகாத்திருந்தார்கள், மற்றவை பொது அலமாரியில் இருந்தன. பிழைத்ததற்கும் அழிந்ததற்கும் காரணம் அவ்வளவுதான். ஒரே செடியின் இரட்டைத் தாள்களை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவைக்கும் வழக்கத்தை அஞ்சல் செலவு என்று முறைக்கிற நிர்வாகிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

இந்தியாவுக்குள் வருவோம். ராபர்ட் வைட் 1819இல் சென்னைக்கு வந்து, 1853 வரை தென்னிந்தியச் செடிகளை அள்ளிக் குவித்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட படத்தகடுகள் கொண்ட அவருடைய நூல்வரிசைக்கு வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். வைட் அவர்களின் பெயரை மறைக்கவில்லை. ஓர் ஆர்க்கிடு பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். அவர் ஊர் திரும்பிய அதே 1853இல் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னையில் தொடங்கிய தொகுப்புதான் மதராஸ் ஹெர்பேரியத்தின் கரு. அது உதகமண்டலம் போய், 1909 வாக்கில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தது. 1955இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலம் அமைந்த பிறகு அதன் பொறுப்பில் இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் அந்தக் கட்டடத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் உள்ளன. திருச்சியில் மேத்யூ 1967இல் தொடங்கிய ராப்பினாட் ஹெர்பேரியம், புதுச்சேரியில் பிரெஞ்சு நிறுவனத்தின் தொகுப்பு, இவையும் நம் சொத்துகள்.

சரி, இந்த இடங்களிலெல்லாம் தும்பை எவ்வளவு இருக்கிறது? இருக்கிறது. ஆனால் அது தெருவில் இருக்கிற அளவுக்கும் அலமாரியில் இருக்கிற அளவுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இன்றைய பேச்சின் சாரமே இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு சேகரிப்பாளர் மலையேறுகிறார் என்று வையுங்கள். பையில் இடம் கொஞ்சம், பிரெஸ்ஸில் தாள் கொஞ்சம், மழை வேறு. பாதையோரத்தில் தும்பை. கண்டும் காணாமல் நடப்பார். மேலே, சோலைக்காட்டு ஓரத்தில், இதுவரை பார்க்காத ஒரு குறிஞ்சியோ காசித்தும்பையோ நிற்கும். அதற்காகத்தானே வந்தார்? நானும் அப்படித்தான் நடந்தேன், என் ஆசிரியர்களும் அப்படித்தான் நடந்தார்கள். புதிய இனம் கண்டுபிடித்தால் பெயர் கிடைக்கும், கட்டுரை கிடைக்கும். தும்பையைக் கொண்டுவந்தால் 'இதை எதற்கய்யா தூக்கிக்கொண்டு வந்தாய்' என்ற கேள்விதான் கிடைக்கும். கேம்பிளின் சென்னை மாகாணத் தாவரநூலைத் திறந்து பாருங்கள். 1915இல் தொடங்கி, கேம்பிள் இறந்த பிறகு ஃபிஷர் கையில் 1936இல் முடிந்த நூல் அது. அரிய செடிக்கு எந்த மலை, யார் எடுத்தார், எந்த உயரம் என்று விவரம் வரும். பரவலான களைச்செடிக்கு எல்லா மாவட்டச் சமவெளிகளிலும் உண்டு என்ற பாணியில் ஒரே வரி. அந்த வரி தவறில்லை. ஆனால் அந்த ஒரு வரி எழுதப்பட்டதும் அடுத்து வருகிறவர் அந்தச் செடியை எடுக்கும் அவசியமே இல்லாமல் போய்விடுகிறது.

இதன் விளைவு வரைபடத்தில் தெரியும். பரவலான ஒரு களைச்செடியின் ஹெர்பேரியப் பதிவுகளைப் புள்ளிகளாக வைத்துப் பார்த்தால், புள்ளிகள் கல்லூரிகள் இருக்கும் ஊர்களைச் சுற்றி, சாலையோரமாக, கோடைவாசத் தலங்களுக்குப் போகும் பாதைகளில் கூடும். தாவரவியலார் எங்கே குடியிருந்தார்கள், எங்கே சுற்றுலா போனார்கள் என்பதை அந்த வரைபடம் தெளிவாகக் காட்டும். 2018இல் பர்ணபாஸ் தாருவும் அவருடைய குழுவினரும் ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆகிய பகுதிகளின் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை ஆராய்ந்து இதையே சொன்னார்கள்: இடத்திலும் காலத்திலும் சாய்வு, சாலையோரச் சாய்வு, விரல்விட்டு எண்ணக்கூடிய சில சேகரிப்பாளர்களின் கைச்சாய்வு. பணமும் ஆளும் உள்ள நாடுகளிலேயே நிலைமை இப்படி.

பதிவு இல்லாத இடத்தைச் செடி இல்லாத இடம் என்று கணினி எடுத்துக்கொண்டால், பெயரே கூப்பிடாத பையனை 'ஆப்சென்ட்' போட்ட கதையாகிவிடும். இன்றைக்குச் சூழலியல் மாதிரிகள் பலவும் இத்தகைய பதிவுகளைத் தின்றுதான் வாழ்கின்றன. கணக்கில் எவ்வளவோ திருத்தங்கள் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் எடுக்காத தாளை எந்தக் கணக்கும் அச்சடித்துக் கொடுக்காது.

களைச்செடியின் பழைய தாள் எதற்கு என்று கேட்கலாம். மூன்று ஆய்வுகளைச் சொல்கிறேன். மூன்றிலும் செடி மிகச் சாதாரணமானது.

1987இல் உட்வர்ட் என்ற ஆய்வாளர் கேம்பிரிட்ஜ் ஹெர்பேரியத்தில் இருந்த எட்டு மரவகைகளின் இலைகளை எடுத்தார். இங்கிலாந்துச் சாலையிலும் காட்டிலும் சாதாரணமாக நிற்பவைதான். 200 ஆண்டு காலத்தில் சேர்ந்த தாள்கள். இலைத்துளைகளை எண்ணினார். தொழிற்புரட்சிக்கு முந்தைய இலைகளோடு ஒப்பிட்டால் துளைகளின் அடர்த்தி சுமார் 40 விழுக்காடு குறைந்திருந்தது. காற்றில் கரியமில வாயு கூடக்கூட, அதே அளவு வாயுவை உள்ளிழுக்கக் குறைந்த துளைகளே இலைக்குப் போதும். பனிப்பாறைக்குள் சிறைப்பட்ட காற்றைத் துளையிட்டு எடுத்து ஒரு சாரார் கண்டதை, அலமாரியைத் திறந்து இலையைக் கண்ணாடியில் வைத்து இவர் கண்டார்.

இரண்டாவது, பாஸ்டன் நகரத்து அர்னால்டு மரப்பூங்கா. அங்கே இப்போது நிற்கிற மரங்களையும் அதே மரங்களிலிருந்து 1885 முதல் எடுக்கப்பட்ட பூத்த கிளைகளின் தாள்களையும் பிரிமாக்கும் அவருடைய குழுவினரும் 2004இல் ஒப்பிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைவிட, 1980க்குப் பிறகு மரங்கள் சராசரியாக எட்டு நாள் முன்னதாகப் பூக்கின்றன. தாளில் தேதி இருந்ததால்தான் இது தெரிந்தது. 1885இல் அந்தக் கிளையை ஒடித்தவருக்குப் புவி சூடாவதைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

மூன்றாவது, உருளைக்கிழங்கு. 1845இல் அயர்லாந்தைப் பட்டினியில் ஆழ்த்திய நோய்க்கிருமி எந்த வகை என்ற கேள்விக்கு 2013இல் விடை கிடைத்தது. லண்டன் கியூ தோட்டத்திலும் மியூனிக்கிலும் இருந்த 19ஆம் நூற்றாண்டு உருளைச் செடியின் நோயுற்ற இலைகளிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்தார்கள். அதுவரை குற்றவாளி என்று நினைத்திருந்த வகை வேறு, உண்மையில் அங்கே இருந்த வகை வேறு. அழுகிய உருளை இலையை ஒட்டிவைத்த அந்த மனிதரை அன்று எத்தனை பேர் கிண்டல் செய்தார்களோ!

தும்பையை வைத்து இவற்றை அப்படியே செய்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. பாஸ்டன் மரம் வசந்தத்தில் ஒருமுறை பூக்கிறது. நம் தும்பை மழையைப் பார்த்து முளைத்து, அநேகமாக ஆண்டின் எந்த மாதத்திலும் எங்காவது பூத்துக்கொண்டிருக்கும். அதன் பூப்புத் தேதியிலிருந்து வெப்பத்தைப் படிக்கப் போனால், சேகரித்தவரின் செமஸ்டர் விடுமுறையைத்தான் படிக்க நேரும். ஆனால் இலைத்துளையை எண்ணலாம். வயல்வரப்புத் தும்பையில் களைக்கொல்லிக்குத் தாக்குப்பிடிக்கும் தன்மை எப்போது வந்தது, வந்ததா என்று மரபணுவில் தேடலாம். சாயக்கழிவு ஓடிய நதிக்கரைத் தும்பையின் இலையில் என்னென்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்று 1960களின் தாளோடு இன்றைய தாளை ஒப்பிடலாம். நொய்யல் கரையில் தும்பைக்கு என்ன குறைச்சல்? ஒப்பிட அந்தக் காலத்துத் தாள் வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த சிக்கல், தும்பை என்று லேபிள் உள்ளதெல்லாம் தும்பைதானா என்பது. நம் சமவெளியிலேயே லூகாஸ் பேரினத்தில் பல இனங்கள் இருக்கின்றன. குறுகிய இலையுள்ள லூகாஸ் இண்டிகா இருக்கிறது. அதையே லினிஃபோலியா, லாவண்டுலிஃபோலியா என்றெல்லாம் பழைய லேபிள்களில் காணலாம். பெரிய உருண்டைக் கொத்துள்ள லூகாஸ் செஃபலோட்டஸ் இருக்கிறது. இலங்கையைப் பெயரில் தாங்கிய லூகாஸ் ஜெய்லானிகா இருக்கிறது. லின்னேயஸ் இலங்கைச் செடிகளைப் பெரும்பாலும் அறிந்தது பால் ஹெர்மன் 1670களில் கொழும்பில் திரட்டிய தாள்கள் வழியாகத்தான். அந்தத் தாள்களை வைத்து 1747இல் அவர் இலங்கைத் தாவரநூலை எழுதினார். இந்த இனங்களைப் பிரிப்பது புல்லிவட்டத்தை வைத்து. அதன் வாய் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பற்கள் எத்தனை, மயிர் எங்கே தொடங்குகிறது என்று லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பரவலான செடிதானே என்று பார்க்காமலே பெயர் எழுதுவது அரிய செடியில் நடக்காது, தும்பையில் நடக்கும். 2015இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஏலக்காய்க்கு உறவான ஓர் ஆப்பிரிக்கப் பேரினத்தை அலசி, வெப்பமண்டலத் தாள்களில் பாதிக்கும் மேல் தவறான பெயரோடு கிடக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். ஆனால் தாள் ஒன்று இருந்துவிட்டால் பெயர்ப்பிழை தீராத நோயில்லை. யாராவது ஒருவர் வந்து திறந்து பார்த்து, திருத்தச் சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போவார். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது என்பது ஹெர்பேரியத்தின் அருமையான மரபு. ஒரே தாளில் நான்கு தலைமுறை அறிஞர்கள் ஒருவரோடொருவர் மறுத்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

புகைப்படம் போதாதா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கைப்பேசியில் எடுத்துச் செயலியில் ஏற்றினால் இடம், நேரம் எல்லாம் தானே பதிகிறது. நல்ல வேலைதான், செய்யுங்கள். இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2022இல் இணைய ஹெர்பேரியத்தைத் திறந்து, தொடக்கத்திலேயே சுமார் ஒரு லட்சம் தாள்களின் படங்களைப் பொதுவில் வைத்தது. கோயம்புத்தூருக்கோ கொல்கத்தாவுக்கோ ரயிலேறாமல், ஒரு பெயருக்கு ஆதாரமான வகைமாதிரித் தாளைப் பார்க்க முடிவதை என் ஆசிரியர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். ஆனால் படத்திலிருந்து மரபணு எடுக்க முடியாது, துளையை எண்ண முடியாது, உலோகத்தை அளக்க முடியாது. படம் பார்ப்பதற்கு. தாள் அறுத்துப் பார்ப்பதற்கும்.

இப்போது இந்த அரங்கில் இருக்கிற மாணவர்களுக்கு நேரடியாக ஒன்று. தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் மிக அதிகமாக உலர்த்தப்படும் செடிகளை வரிசைப்படுத்தினால் தும்பை முதல் வரிசையில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம். எப்படி என்கிறீர்களா? பி.எஸ்ஸி. தாவரவியல் செய்முறைத் தேர்வுக்கு ஹெர்பேரியம் 'சப்மிஷன்' உண்டே! கல்லூரி வாசலுக்கு வெளியே கை நீட்டினால் கிடைப்பது தும்பை. நாயுருவி, குப்பைமேனி, தும்பை மூன்றும் இல்லாத சப்மிஷனை நான் கண்டதில்லை. அவ்வளவு தாளும் எங்கே போகிறது? வெளித்தேர்வாளர் கையெழுத்துப் போட்ட மறுநாள் ஆய்வகத்தின் மூலையில் கட்டாகக் கிடக்கும். அடுத்த மழையில் கரையான் ஏறும். பிறகு பழைய பேப்பர் கடை. சில கட்டுகளுக்கு இன்னொரு நற்கதியும் உண்டு. அண்ணன் ஒட்டிய தாளில் பெயரை மட்டும் மாற்றித் தம்பி சமர்ப்பிப்பான். தேதியும் இடமும் அண்ணனுடையதா தம்பியுடையதா என்று அந்தத் தும்பைக்குத்தான் வெளிச்சம்.

இந்தப் பழக்கத்துக்கு மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. தாளுக்கு மதிப்பெண் போடுகிறோம், லேபிளுக்குப் போடுவதில்லை. 'கல்லூரி வளாகம்' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்று நாமே பழக்கிவிட்டோம். எந்தக் கண்மாய்க் கரை, எந்த வரப்பு, பக்கத்தில் என்ன பயிர், நிலத்துக்காரர் அந்தச் செடியை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் வேண்டாத வேலையாகிவிட்டது. சாமுவேல் பிரவுனுக்குத் தெரிந்திருந்தது, ஊர்க்காரர் சொன்ன பெயரையும் சேர்த்து எழுத வேண்டுமென்று. முந்நூறு ஆண்டுக்குப் பிறகு நம் லேபிளில் அந்த இடம் காலியாக இருக்கிறது. இது வெட்கப்பட வேண்டிய செய்தி.

உலகெங்கும் ஏறக்குறைய 40 கோடித் தாள்கள் ஹெர்பேரியங்களில் இருக்கின்றன. இன்னும் பெயர் வைக்கப்படாத பூக்கும் தாவரங்களில் பாதிக்கு மேல் அந்த அலமாரிகளுக்குள்ளேயே கிடக்கலாம் என்று 2010இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைக் கேட்டதும் நம் துறையில் எல்லாருக்கும் புதிய இனத்தின் மீது ஆசை. நல்லது, தேடட்டும். பெயர் தெரிந்த செடியைத் திரும்பத் திரும்ப எடுத்துவைக்கிற வேலைக்கு ஆள் இல்லை, புகழ் இல்லை, நிதியுதவியும் இல்லை. அந்த வேலையைச் செய்யக்கூடிய ஒரே அமைப்பு நம் கல்லூரித் தாவரவியல் துறைகள்தான். ஆள் இருக்கிறது, பிரெஸ் இருக்கிறது, ஆண்டுதோறும் தும்பையும் வந்துகொண்டே இருக்கிறது.

ஆகவே துறைத்தலைவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. இந்த ஆண்டு வரும் தும்பைத் தாள்களில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வேர், இலை, புல்லிவட்டம், முற்றிய கொட்டை எல்லாம் இருக்க வேண்டும். உதிர்ந்த பூக்களை ஒரு சின்ன உறையில் போட்டுத் தாளின் ஓரத்தில் ஒட்டுங்கள். ஊர், வட்டம், வரப்பா சாலையா, அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர், அதைச் சொன்னவர் விரும்பினால் அவர் பெயர், எடுத்த மாணவரின் பெயர், எல்லாவற்றையும் லேபிளில் எழுதுங்கள். அதே செடிக்கூட்டத்திலிருந்து எடுத்த இரட்டைத் தாள் ஒன்றை முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்று, கோயம்புத்தூருக்கோ திருச்சிக்கோ அனுப்பிவையுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போங்கள். அங்கே தும்பை இல்லையென்றால், இல்லை என்று தேதி போட்டுத் துறைப் பதிவேட்டில் எழுதுங்கள். தாள் சொல்ல முடியாத ஒன்றை அந்த ஒரு வரி சொல்லும்.

மாணவர்களே, வயலில் சீட்டு எழுதும்போது பென்சிலால் எழுதுங்கள். பேனா மை பிரெஸ்ஸின் ஈரத்தில் ஓடிவிடும்.